வேண்டும், வேண்டாம், நடுவில் ஒரு கட்டைவிரல்: ஹொங் லிம் பூங்காவில் போராட்டப் படமும் அதற்கான விமர்சனமும்

கையால் எழுதிய ஓர் ஏ3 அட்டை. மூன்று வரி. கடைசி வரியில் ஒரே ஒரு சொல். அட்டையின் கீழ் விளிம்பை ஒருவர் ஒற்றைக் கையால் பிடித்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் 'வேண்' தெரிகிறது, அப்புறம் கட்டைவிரல் நகம், அப்புறம் 'ம்'. அவர் கேட்டது வேண்டும் என்றா, வேண்டாம் என்றா? முகம் கூர்மையாக விழுந்திருக்கிறது, மாலை வெளிச்சம் கன்னத்தில் அழகாக நிற்கிறது, பின்னணியும் வேண்டிய அளவுக்கு மங்கியிருக்கிறது. அவர் சொல்ல வந்த சொல் மட்டும் விரலுக்கு அடியில் போய்விட்டது.

தமிழ் அட்டைகளில் இது அடிக்கடி நேரும். அதற்கு மொழியிலேயே காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மறுப்பு முதலிலேயே வந்துவிடும், அட்டையின் உச்சியில் பெரிய எழுத்தில் நிற்கும். தமிழில் வினை கடைசியில் வரும். நிறுத்து, கொடு, வேண்டும், வேண்டாம், விடமாட்டோம் எல்லாமே கீழ் வரிக்கு இறங்கிவிடும். கை பிடிக்கிற இடமும் அதுதான். வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு 'டு', ஒரு 'டா', அவ்வளவே. ஆகவே தமிழ் அட்டையைப் படம் எடுக்கும்போது முகத்தில் குவியம் வைத்த கையோடு கண்ணை அட்டையின் கடைசி வரிக்குக் கொண்டுபோங்கள். எழுத்து மறைந்திருந்தால் காத்திருங்கள். அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை வலிக்கும். அரை நிமிடத்துக்குள் பிடியை மாற்றுவார், அந்த நொடியில் அழுத்துங்கள்.

"விரலைக் கொஞ்சம் எடுங்கண்ணே" என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன பிறகு அவர் நிற்பது உங்களுக்காக. அடுத்து நீங்களே "கொஞ்சம் சத்தமாகக் கோஷம் போடுங்க" என்பீர்கள். சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹொங் லிம் பூங்காவுக்கு வெளியே ஒருவரை அட்டையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தால் அந்தப் படமே வழக்குக்குச் சான்றாகலாம். 2018 டிசம்பரில் அரசு நீதிமன்றங்களுக்கு வெளியே ஒரு தாளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்ட சமூக ஆர்வலர் ஜொலொவன் வாம், அனுமதியில்லாத ஒன்றுகூடல் என்ற குற்றத்துக்காக 2022இல் தண்டிக்கப்பட்டார். நின்றது அவர் ஒருவர்தான். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒன்றுகூடலுக்கு ஒரே ஆள் போதும்.

இந்த இடத்தின் விதிகளைத் தெரிந்துகொண்டு கேமராவைத் தூக்குவது நல்லது. தெருப் போராட்டம் என்று உலகம் சொல்வது இங்கே தெருவில் நடப்பதில்லை, ஹொங் லிம் பூங்காவின் புல்வெளியில் நடக்கிறது. பேச்சாளர் முனை 2000 செப்டம்பர் 1 அன்று அங்கே திறக்கப்பட்டது. 2008 செப்டம்பர் முதல் பேச்சோடு ஆர்ப்பாட்டமும் நடத்தலாம் என்றானது. குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையத்தில் பதிவு செய்துவிட்டு நடத்தலாம், காவல்துறை அனுமதி தனியாகத் தேவையில்லை. இனம், சமயம் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம்.

வெளிநாட்டவர் நிலைமை வேறு, அவர்கள் கலந்துகொள்ளக்கூடாது. வேலை அனுமதியில் இங்கே இருக்கும் தமிழர்கள் நம்மில் பலர். கேமரா ஆர்வலர்களும் அவர்களில் நிறையப் பேர். "நான் கலந்துக்கல, சும்மா படம்தான் எடுக்கிறேன்" என்ற பதிலை நம்பிப் புல்வெளிக்குள் இறங்கவேண்டாம். 2016இல் விதிகள் இறுக்கப்பட்ட பிறகு, பங்கேற்பவர், பார்வையாளர் என்ற பிரிவினை சட்டத்தில் இல்லை என்று 2017இல் தெளிவாக்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று நடந்த, பாலினச் சிறுபான்மையினருக்கு ஆதரவான பிங்க் டாட் கூட்டத்தில் சுற்றிலும் தடுப்பு வைத்து, வாயிலில் அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஒரு படத்துக்காக வேலை அனுமதியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இன்னொன்று: காவல்துறையின் நடவடிக்கையைப் படம் பிடிப்பதை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் பொது ஒழுங்குச் சட்டத்தில் இருக்கிறது. சொன்னால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

இனி வெளிச்சம். பூங்காவுக்கு வடக்கே நார்த் கெனால் ரோடு, தெற்கே அப்பர் பிக்கரிங் ஸ்திரீட், மேற்கே நியூ பிரிட்ஜ் ரோடு, கிழக்கே சவுத் பிரிட்ஜ் ரோடு. கூட்டங்கள் பெரும்பாலும் வாரயிறுதி மாலையில் நடக்கும். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணிவாக்கில். அதனால் 4 மணிக்கும் வெயில் 45 பாகையில் நின்று புருவத்துக்குக் கீழே கண்ணை இருட்டாக்கும். ஐந்தரைக்கு மேல் நியூ பிரிட்ஜ் ரோடு பக்கமிருந்து சாய்வாக வரும். ஜூன் மாதம் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளியும், டிசம்பரில் தெற்கே தள்ளியும் இறங்கும். தெற்கே உயரமான கட்டடங்கள் இருப்பதால் டிசம்பரில் நிழல் முன்னதாகவே புல்வெளியில் விழுந்துவிடும். 7 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்தால் அடுத்த 20 நிமிடத்துக்குள் இருட்டு. ஐரோப்பியப் புகைப்படக்காரர்கள் எழுதும் நீண்ட அந்திப்பொழுது நமக்குக் கிடையாது. அந்த 20 நிமிடத்தில் என்ன எடுக்கப்போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

நம் தோல் நிறத்துக்கு இங்கே ஒரு சிக்கல். பேச்சாளர் கூடாரத்துக்குள் நிற்பார். பின்னால் வெயிலில் பளீரென்ற புல்வெளி. கேமரா அந்தப் பளபளப்பைப் பார்த்து அளவைக் குறைத்துவிடும். கறுத்த முகம் நிழலுருவமாகிவிடும். பிறகு கணினியில் நிழலை இழுத்து வெளிச்சமாக்கினால் கன்னம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும், இரைச்சல் புள்ளிகள் கிளம்பும். இதற்கு எடுக்கும்போதே வழி செய்யவேண்டும்: புள்ளி அளவீட்டைக் கன்னத்தின் மேல் வையுங்கள், அல்லது முழுச் சட்டக அளவீட்டிலேயே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு, கூட்டுங்கள், புல்வெளி வெளுத்தால் வெளுக்கட்டும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் சூழ்ந்த ஒருவரை எடுக்கும்போதும் இதே கதைதான், அங்கே முக்கால் ஸ்டாப் போதும். புல்லில் பட்டு எழும் வெளிச்சம் தாடைக்குக் கீழே பச்சையாக விழும். அதைக் கணினியில் அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் மெஜெண்டா சேர்த்துச் சரிசெய்யலாம், முழுப் படத்துக்கும் சேர்த்தால் வானம் கெட்டுவிடும்.

வெள்ளை வெள்ளையாகவே பதியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். ஆயிரம் பேர் இளஞ்சிவப்பில் வரும் பிங்க் டாட்டில் கேமரா "நிறம் அதிகம்" என்று நினைத்துப் பச்சைப் பக்கம் இழுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு படத்தில் அதே சட்டை இரண்டு நிறமாக இருக்கும். பகலில் 5200 கெல்வின் என்று நிறுத்திவிடுங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு விளக்குகள் வந்ததும் சிவப்புத் தடம் மட்டும் நிரம்பி வழியும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தில் அது தெரியாது. மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்து, முக்கால் ஸ்டாப் குறைத்து எடுங்கள். நிரம்பிய சிவப்பில் சட்டையின் மடிப்பு, முகத்தின் சுருக்கம் எதுவும் மிஞ்சாது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலும் திரும்ப வராது.

இரவுக் கூட்டத்துக்கு வேறு கணக்கு. 2022 ஏப்ரல் 25 அன்று நாகேந்திரன் தர்மலிங்கத்தின் தூக்குத் தண்டனையை எதிர்த்து ஹொங் லிம்மில் மெழுகுவத்தி ஏந்தி நின்றதுபோன்ற கூட்டங்களில் லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/125 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 என்று தொடங்கலாம். தீபம் வெளுத்தாலும் பரவாயில்லை, சுடர்வெளிச்சம் படும் கன்னம் நிற்கவேண்டும். பிளாஷ் போடாதீர்கள். மெழுகுவத்தி கொண்டுவந்ததன் பொருளையே அது அழித்துவிடும். கைப்பேசி விளக்கு என்றால் இன்னும் கடினம். 2017 ஜனவரியில் சென்னை மெரினா கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் விளக்கு அணைந்ததும் கைப்பேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்த படங்கள் நினைவிருக்கும். அந்த வெளிச்சம் நம்மை நோக்கி வருமே தவிர, பிடித்திருப்பவர் முகத்தில் விழாது. முகம் வேண்டுமானால் அவருக்கு முன்வரிசையில் நிற்பவரின் விளக்கு அவர் மேல் படும் கோணத்தைத் தேடவேண்டும்.

எல்இடி மேடை விளக்கின் கீழ் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்தால் சத்தமில்லாத மின்னணு ஷட்டரை நிறுத்திவிட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும்.

பகலில் நடப்பவர்களுக்கு 1/250, கையை ஓங்கிக் கோஷமிடுபவர்களுக்கு 1/500. இது எல்லாரும் அறிந்ததுதான். பலர் மறப்பது ஈரப்பதத்தை. கிளார்க் கீ எம்ஆர்டி ரயில் நிலையத்தின் குளிரிலிருந்து மேலே ஏறியதும் லென்ஸ் கண்ணாடி வெளுத்துவிடும். துணியால் துடைத்தால் மறுபடி படியும். ரயில் ஏறும்போதே கேமராவை இழுபூட்டுப் பைக்குள் போட்டு மூடி, வெளியே வந்து 15, 20 நிமிடம் பை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்கவேண்டும். ஆகவே கூட்டம் 4 மணிக்கு என்றால் 3.15க்கு அங்கே இருக்கவேண்டும். அந்த நேரத்தில் ஏற்பாட்டாளர்களைப் பார்த்து, யார் யார் பேசுகிறார்கள், படத்தில் வர விரும்பாதவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். புல்வெளியில் லென்ஸ் மாற்றவேண்டாம், 28 அல்லது 35 மிமீ லென்ஸ் ஒன்றும் 85 ஒன்றும் இரண்டு கேமராவில் இருந்தால் நல்லது. ஒரே கேமராதான் என்றால் 35 போதும். மழைக்குக் குளியல் தலையுறை ஒன்று பையில் கிடக்கட்டும், 2 வெள்ளியில் முடியும் காரியம்.

என்ன எடுப்பது என்பதுதான் இதில் கடினமான பகுதி. போராட்டப் படம் என்றதும் கண்ணில் வருவது கண்ணீர்ப்புகை, ஓடும் கால்கள், கவசம் போட்ட காவலர்கள். ஹொங் லிம்மில் அது கிடைக்காது. அங்கே மக்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். கேட்பதுதான் அங்கே நடக்கும் நிகழ்ச்சி. இதைப் புரிந்துகொள்ளாதவர் இரண்டு மணி நேரமும் மேடைக்கு முன்னால் நின்று, வாய் திறந்த பேச்சாளரை 200 முறை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

மேடைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கேட்பவர்களைப் பாருங்கள். ஒரு வாக்கியம் முடிந்து கைதட்டல் எழுவதற்கு முன்னால் அரை நொடி இருக்கிறது. அந்த அரை நொடியில் சிலர் தலையைக் குனிவார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு அம்மா பிள்ளையின் காதருகே சொன்னதை மொழிபெயர்த்துச் சொல்வார். கைதட்டல் எல்லாக் கூட்டத்திலும் ஒன்றுபோல இருக்கும், அந்த அரை நொடி அந்தந்தக் கூட்டத்துக்கே உரியது. அதைப் பிடிக்கப் பேச்சைக் காதால் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். காதில் இசை போட்டுக்கொண்டு போராட்டத்தை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உட்கார்ந்திருப்பவர்களை நின்றபடி எடுத்தால் தலைமுடிதான் விழும். மண்டியிட்டு, கேமராவை அவர்கள் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 2019 செப்டம்பர் 21 அன்று நடந்த பருவநிலைப் பேரணியில் பங்கேற்றவர்கள் செத்தவர்கள்போலப் புல்லில் படுத்தார்கள். கண்மட்டத்தில் எடுத்தால் அது வெறும் ஓய்வுபோல இருக்கும். அதற்கு இரண்டே வழி: ஒற்றைக்காலியில் (மோனோபாட்) கேமராவைப் பூட்டித் தலைக்கு மேல் தூக்கிக் கைப்பேசியால் அழுத்துவது, அல்லது வயிறு தரையில் பட இறங்கி ஒரே ஒரு முகத்தையும் அதன் பின்னே அடுக்கடுக்காகப் பாதங்களையும் எடுப்பது. ட்ரோன் எண்ணம் வேண்டாம். கூட்டத்தின் தலைக்கு மேல் விழக்கூடிய எதையும் பறக்கவிடக்கூடாது.

கூட்டத்தின் அளவு பற்றி ஒரு சொல். 200 மிமீ லென்ஸை ஓரத்திலிருந்து நீட்டினால் 60 பேர் 600 பேராகத் தெரிவார்கள். 20 மிமீயில் பின்னாலிருந்து எடுத்தால் 600 பேரும் சிதறிக் கிடப்பார்கள். இரண்டும் உண்மையான படங்கள்தான், ஆனாலும் இரண்டும் தனியாக நின்றால் பொய் சொல்லும். அதனால் ஒரு படமாவது 35 மிமீயில், புல்வெளியின் எல்லை தெரியும்படி எடுத்துவையுங்கள். எண்ணிக்கைக்கு 1960களில் பெர்க்லியில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆட்கள் இருக்கும் பரப்பை அளந்து, கை நீட்டும் தூரத்தில் தளர்வாக இருந்தால் ஓர் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக இருந்தால் 4.5 சதுர அடி என்று வகுக்கவேண்டும். 20 மீட்டருக்கு 15 மீட்டர் பரப்பில் தளர்வாக உட்கார்ந்திருந்தால் சுமார் 320 பேர். "ஆயிரக்கணக்கானோர்" என்று எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2013 பிப்ரவரி 16 அன்று அரசின் மக்கள்தொகை வெள்ளை அறிக்கையை எதிர்த்து அதே புல்வெளியில் உண்மையாகவே ஆயிரக்கணக்கில் நின்றார்கள். அந்தச் சொல்லை அப்படிப்பட்ட நாளுக்கு மிச்சம் வையுங்கள்.

எடுத்தது 600 படம் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். அசைந்தவை, கண் மூடியவை மட்டும் அன்று கழியட்டும். இரண்டு நாள் கழித்து 60க்கு வாருங்கள், அதிலிருந்து 15க்கு. அந்தப் பதினைந்தில் பேச்சாளர் இரண்டுக்கு மேல் வேண்டாம். முழு இடம் ஒன்று, இருவருக்கிடையே நடப்பது மூன்று நான்கு, முகம், கை, கூட்டம் கலைந்தபின் புல்லில் கிடப்பது என்று விரியவேண்டும்.

பிறகு விமர்சனம். இதைத் திரையில் செய்யாதீர்கள். திரையில் எல்லாப் படமும் ஒளிரும், விரல் தானாக அடுத்ததற்குத் தள்ளும். 15 படத்தையும் 4ஆர் (4க்கு 6 அங்குல) அளவில் அச்சடித்து, பின்புறம் பென்சிலால் எண் போட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்குமே, அதில் பரப்புங்கள். நான்கு பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் புகைப்படம் தெரிந்தவர். ஒருவர் அந்தக் கூட்டத்துக்குப் போனவர். ஒருவர் விஷயமே தெரியாதவர். ஒருவர் வயதானவர், அட்டைகளைத் தமிழில் வாசிக்கிறவர். புகைப்படக்காரர்கள் நான்கு பேரையே கூப்பிட்டால் லென்ஸைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

முதல் ஐந்து நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. விளக்கம் சொன்னால் அவர்கள் உங்கள் விளக்கத்தைப் படத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்லவர்கள், மனம் நோகக்கூடாது என்று பார்ப்பார்கள். ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள்: "இவங்க எதுக்காக வந்திருக்காங்கன்னு நினைக்கிறீங்க?" விஷயம் தெரியாதவரின் பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "ஏதோ குடும்ப தினம் மாதிரி இருக்கு தம்பி" என்று ஒருவர் சொன்னால் அது அவமதிப்பு அல்ல. பாயும் குழந்தைகளும் தெரிகிற அளவுக்கு அட்டைகள் தெரியவில்லை என்ற செய்தி அது. அடுத்து, யார் எந்தப் படத்தை முதலில் கையில் எடுத்தார்கள், எதை யாரும் தொடவில்லை என்று குறியுங்கள். வாயால் சொல்வதைவிட இது நம்பத்தகுந்தது.

வரும் கருத்துகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. "சப்புன்னு இருக்கே, அடிதடி ஒண்ணும் காணோம்" என்பது அடிக்கடி வரும். இது படத்தைப் பற்றிய குறை அல்ல, வேறு ஊர்ப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணின் எதிர்பார்ப்பு. அதற்காக அடுத்த முறை காவலரையும் ஒரு கோபமுகத்தையும் ஒரே சட்டகத்தில் திணித்து, நடக்காத மோதலை உண்டாக்கிவிடாதீர்கள். ஆனால் அதே ஆள் "யாரு யாரைப் பார்க்கிறாங்கன்னே தெரியல" என்றால் உட்கார்ந்து கேளுங்கள். அது உண்மையான குறை.

"கூர்மை போதவில்லை" என்பது இன்னொன்று. 1989 ஜூன் 5 அன்று பெய்ஜிங்கில் பீரங்கி வண்டிகளுக்கு முன்னால் ஒரு மனிதர் நின்றதை ஜெஃப் வைடனர் ஹோட்டல் மாடியிலிருந்து எடுத்தார். 400 மிமீ லென்ஸில் குவியத் தூரத்தைப் பெருக்கும் இரட்டிப்பான் மாட்டி, இரவல் வாங்கிய ஐஎஸ்ஓ 100 பிலிமில், ஷட்டர் வேகம் தேவையைவிடக் குறைவாக. படம் சற்று மங்கல்தான். அந்த மங்கலைச் சொல்லி யாரும் அதை ஒதுக்கவில்லை. ஒரு கை, ஒரு பை, எதிரே வண்டிகள், எல்லாம் வாசிக்க முடிகிறது. கூர்மை என்பது வாசிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு உட்பட்டது. முகம் கூர்மையாகவும் அட்டை வாசிக்க முடியாமலும் இருந்தால் கூர்மை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எஃப் 1.8இல் எடுத்ததன் விளைவு அது, எஃப் 4 அல்லது 5.6 வைத்திருந்தால் அட்டையும் முகமும் சேர்ந்து நின்றிருக்கும்.

"கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்க" என்பார்கள். விளக்குக் கலப்படம் மறையும், படம் கனமாகத் தோன்றும். இளஞ்சிவப்பு உடுத்தி வந்தவர்களையும், 2019 பேரணிக்குச் சிவப்பு உடுத்தி வந்தவர்களையும் கறுப்பு வெள்ளையாக்கினால் அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த நிறத்தை நாம் பறித்துக்கொள்கிறோம். என் வரையில் இதற்கு இணங்கமாட்டேன். மெழுகுவத்திக் கூட்டத்துக்கு ஒருவேளை யோசிக்கலாம்.

"அந்தக் குப்பைத்தொட்டியை அழிச்சிடலாமே" என்பதற்கு இல்லை என்ற ஒரே பதில்தான். வெட்டலாம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கலாம். இருந்ததை எடுப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது. 2015ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிக்கு முந்திய சுற்று வரை வந்த படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, திருத்தம் எல்லை மீறியதால் விலக்கப்பட்டது. இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. இரைச்சல் நீக்கும், பெரிதாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் தமிழ் எழுத்தை வாசிப்பதில்லை, ஊகித்து வரைகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசி என்று எடுத்து அழித்துவிடக்கூடும், சுழியை நேர்க்கோடாக்கிவிடக்கூடும். தமிழ் அட்டை உள்ள படத்தை அதில் போட்டால் வெளியே வந்ததை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவேண்டும். மாறியிருந்தால் இரைச்சலோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படம் தெரிந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அட்டையைக் கையால் மறைத்தால் மிச்சப் படம் நிற்கிறதா? அட்டை சொல்வதை முகமும் உடலும் சொல்லவில்லை என்றால், அது அட்டையின் நகல்தான். பதினைந்தில் எட்டு படம் அப்படி விழும். மனம் தளரவேண்டாம், எல்லாருக்கும் விழும்.

கூட்டத்துக்குப் போனவர் சொல்வதில் முக்கியமானது ஆட்களைப் பற்றியது. "இவர் அழுதது பேச்சைக் கேட்டு இல்ல, அதுக்கு முன்னாடியே அவங்க வீட்டுல ஒரு துக்கம்." இப்படி ஒரு தகவல் வந்தால் அந்தப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தத் தொகுப்பில் இருக்கக்கூடாது. "இந்தப் பெண் வேலையிடத்துக்குத் தெரியவேண்டாம்னு சொன்னாங்க" என்றாலும் அப்படியே. பொது இடத்தில் எடுத்த படத்துக்குச் சட்டத்தில் தடை இல்லை என்பது வேறு விஷயம். முகத்தை மங்கலாக்கி வெளியிடுவது அரைகுறைத் தீர்வு, சட்டையும் பையும் காட்டிக்கொடுத்துவிடும். அதே தருணத்தின் வேறொரு சட்டகத்தைத் தேடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பு, நேரம் ஆகியவற்றையும் வெளியிடுமுன் நீக்குங்கள். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவர் யார் என்று அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லாவிட்டாலும் உங்கள் படத்தை எடுத்துப் போடுகிறவருக்கு இருக்கலாம்.

அந்த மேசையில் மறுப்புப் பேசாதீர்கள். எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து 600 படத்தையும் மறுபடி திறங்கள். விமர்சனத்தின் பயன் பதினைந்து படத்தைத் திருத்துவதில் இல்லை, முதல்முறை கழித்துவிட்ட 585இல்தான் இருக்கிறது. "யாரு யாரைப் பார்க்கிறாங்க" என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், முன்பு "பின்னணி சரியில்லை" என்று தள்ளிய படத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பது தெரியவரும்.

விரல் மறைத்த அந்த அட்டைப் படமும் தொகுப்பிலிருந்து வெளியே போகும். அதற்கு நான்கு சட்டகம் தள்ளி அவர் பிடியை மாற்றியிருப்பார். அங்கே வெளிச்சம் கன்னத்தில் இல்லை, தோளில் விழுகிறது. தலை பாதி திரும்பியிருக்கிறது. சொல் முழுசாக இருக்கிறது. அதை வையுங்கள். படக்குறிப்பில் நாள், இடம், நேரம் எழுதுங்கள். பெயர் கேட்டு வாங்கவில்லை என்றால் பெயர் வேண்டாம். அட்டையில் உள்ள மூன்று வரியையும் அவர் எழுதியபடியே, ஒற்றுப் பிழை இருந்தால் அந்தப் பிழையோடு, முழுதாக எழுதுங்கள்.